சுத்த சைவ மாடு

சிவகாமி பாலைக் கூட்டித் தந்ததுதான் அருளம்பலத்தாரின் நிம்மதியைக் கெடுத்தது.

குறைத்துத் தந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் இருந்திராது. மாரியில் மாடு பால் வற்றுவது நியாயம். அதுவும் தொண்ணூறாம் ஆண்டு மார்கழி. ஆனியில் மூண்ட சண்டையோடு யாழ்ப்பாணத்துக்குப் பாதை அடைபட்டு, நீர்வேலிக் கடைகளிலிருந்து மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி என்று ஒவ்வொன்றாக மறைந்தபோது, புண்ணாக்கும் ஒருவரிடமும் சொல்லாமல் மறைந்துவிட்டது. வைக்கோல் போரின் மேல்பாதி நனைந்து புளித்த மணம் எடுத்தது. காற்றுக்கு விழுந்த வாழைக்குற்றியைச் சீவிப் போடுவதும், பனையோலையைக் கிழித்துப் போடுவதுமாகச் சீவியம் போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், கார்த்திகையில் ஒன்றரைப் போத்தல் கறந்த மாடு மார்கழி பிறந்ததும் இரண்டேமுக்கால் போத்தல் கறந்தால், யோசிக்கத் தெரிந்த மனிதன் யோசிக்கத்தானே வேண்டும்?

அருளம்பலத்தார் யோசித்தார். செம்பைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். பெருவிரல் நகத்தில் ஒரு துளியை விட்டுச் சரித்துப் பார்த்தார். தண்ணீர் கலவாத பாலைப் போலத் துளி ஓடாமல் முத்தாக நின்றது. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

"இஞ்சரும், உண்மையைச் சொல்லும். இதுக்குள்ளை தண்ணி விட்டனீரோ?"

முழங்காலில் நொச்சி இலை வைத்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இருந்த மனைவி குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"கறந்தது நீங்கள். செம்பு இருந்தது உங்கடை கையிலை. நான் எதுக்குள்ளாலை தண்ணி விடுறது, மடிக்குள்ளாலையோ?"

"அப்ப என்னெண்டு கூடினது?"

"கூடினால் நல்லதுதானேயப்பா. உங்கடை பக்திக்குச் சிவபெருமான் தந்ததெண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

முதல் இரண்டு நாள் அவரும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அந்த விளக்கம் அவருக்கே போதாமல் போனது. சிவபெருமான் தருவதாக இருந்தால் கனகலிங்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதல்லவா தந்திருப்பார்.

விசயம் என்னவென்றால், சிவன் கோவிலில் திருவெம்பாவைப் பத்து நாளும் அபிஷேகத்துக்குப் பால் கொடுக்கும் உபயம் அருளம்பலத்தாருடையது. நாள் ஒன்றுக்கு இரண்டு போத்தல். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வருகிறது. விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போன கையோடு, நீறு பூசி, சால்வையை இடுப்பில் கட்டி, பால் செம்பை நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி அவர் நடந்து போவதைப் பார்த்தால், பாற்கடலே அவருடைய வளவுக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். இரண்டாம் ஒழுங்கைக் கனகலிங்கத்துக்கும் அப்படி நடக்க ஆசை. அவரிடம் ஒரு ஜேர்சிக் கலப்பு மாடு நின்றது. "அண்ணை, கஷ்ட காலம். ஏலாதெண்டால் வெள்ளெனச் சொல்லிப்போடுங்கோ. நான் நிக்கிறன்தானே" என்று பரிபாலன சபைக் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார்.

அதற்கு அருளம்பலத்தார் எழுந்து நின்று பதில் சொன்னார். கால்மணித்தியாலம் சொன்னார். பால் எவரும் தரலாம். ஆனால் ஆசாரமான பால் எத்தனை வீட்டில் உண்டு என்று கேட்டார். தன்னுடைய சிவகாமி பிறந்த நாளிலிருந்து மீன், இறைச்சி என்று மச்சம் புழங்கும் வீட்டுக் கழுநீரைத் தொட்டதில்லை என்றார். "என்ரை மாடு சுத்த சைவ மாடு" என்று முடித்தார். சபையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் கதிரையில் நித்திரையாகி இருந்தார்.

மாட்டுக்கு வைக்கும் கழுநீர் நாலு அயல்வீடுகளிலிருந்து வரும். அரிசி களைந்த தண்ணீர், கஞ்சி, மரக்கறித் தோல் எல்லாவற்றையும் அவரவர் வேலியோரத்தில் வைத்த வாளியில் ஊற்றி வைப்பார்கள். பின்னேரத்தில் சேர்த்து எடுத்து வந்ததும், அருளம்பலத்தார் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி வாளியைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, கண்ணை மூடி, மூக்கை நீட்டி மணந்து பார்ப்பார். துறைமுகத்தில் சுங்கக்காரன் பெட்டி திறந்து பார்க்கிற கணக்கு. "ஒரு துளி மீன் கழுவின தண்ணி கலந்தாலும் ஆறு முழம் தள்ளி நிண்டு சொல்லுவன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. பிறகு தலையை ஒருதரம் ஆட்டி, "சரி, வையுங்கோ" என்பார்.

இதில் அவர் எவருக்கும் சொல்லாத ஒன்று உண்டு. கார்த்திகை பிறந்து முதல் குளிர்காற்று வீசியதும் அவருக்குப் பீனிசம் வந்துவிடும். தைப்பொங்கல் கழியும் வரைக்கும் இரண்டு மூக்கும் கல்லாக அடைத்திருக்கும். அந்த இரண்டு மாதமும் அவருக்குச் சாம்பிராணியும் ஒன்றுதான், சாணியும் ஒன்றுதான். ஆனாலும் மணந்து பார்ப்பதை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஆக, சந்தேகம் எங்கே போய் நிற்கும்? பின்வளவுப் போயிலைக் கொட்டிலில் போய் நின்றது.

ஐப்பசியில், யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் வீடிழந்த குருநகர்ச் சனம் சைக்கிளிலும் நடையிலுமாக வலிகாமம் முழுக்கச் சிதறி வந்தபோது, சந்தியோகுவும் பெண்சாதி மரியநாயகியும் அவருடைய படலையடியில் வந்து நின்றார்கள். கடற்றொழில்காரர். கையில் ஒரு பெட்டி, சைக்கிள் கரியரில் கட்டிய, பனையோலையில் இழைத்த ஒரு பெரிய உமல், மாதா படம். அருளம்பலத்தார் அவர்களுக்குக் காலியாகக் கிடந்த கொட்டிலைக் கொடுத்தார். கொடுக்குமுன் ஜீவகாருண்யம் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். மழைக்குள் நின்று அவர்கள் கேட்டார்கள். கடைசியில், "இந்த வளவுக்குள்ளை மச்சம் சமைக்கப்படாது" என்று ஒரு நிபந்தனை வைத்தார். "ஓம் ஐயா, சமைக்கமாட்டம்" என்றான் சந்தியோகு. அவன் சொன்ன சொல் தவறவில்லை. சமைக்கவில்லை.

முதல் மாதம் அருளம்பலத்தார் அவர்கள் பால் களவெடுப்பார்கள் என்று சந்தேகப்பட்டார். கன்றின் வாயைக்கூடத் துடைத்துப் பார்த்தார். இப்போது பால் கூடியதும், அந்தச் சந்தேகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். களவெடுக்காதவர்கள் என்னத்தையோ வைக்கிறார்கள். குணலட்சுமியின் முழங்கால் வீங்கியதிலிருந்து கழுநீர் சேர்ப்பதும், மாட்டுக் கொட்டிலுக்கு வேப்பிலைப் புகை போடுவதும், கன்றுக்குச் சாக்குப் போர்ப்பதும் மரியநாயகிதான். அவள் வாளியோடு வரும்போது மாடு கட்டை இழுத்துக்கொண்டு கத்துகிறது. அவர் கிட்டே போனால் வாலைக்கூட ஆட்டுவதில்லை.

"மாட்டுக்கு ஏதோ செய்வினை செய்திருக்கினமோ தெரியேல்லை" என்றார் மனைவியிடம்.

"பால் கூடுறதுக்கு ஆரும் செய்வினை செய்வினமே?"

"நீர் சும்மா இரும். அவையள் கடற்கரைப் பக்கத்து ஆக்கள். என்னென்ன தெரியுமோ."

திருவெம்பாவை ஐந்தாம் நாள் பின்னேரம் கனகலிங்கம் வந்தார். காரணமில்லாமல் வருகிற ஆளில்லை. சைக்கிளை வேலியில் சாத்தி, ஹாண்டிலில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடையோடு மாட்டுக் கொட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அண்ணை, ஐயர் சொன்னார், உங்கடை பால் இந்த முறை நல்ல தடிப்பாம். என்னண்ணை போடுறியள்?"

"ஆசாரம்" என்றார் அருளம்பலத்தார்.

"என்ரை மாட்டுக்கும் அதைத்தான் போடுறன். அது முக்காப் போத்தலோடை நிக்குது." கனகலிங்கத்தின் கண் போயிலைக் கொட்டில் பக்கம் ஓடி ஓடி வந்தது. "அண்ணை, குறை நினையாதையுங்கோ. உங்கடை வளவிலை ஒரு மணம் வருது."

அருளம்பலத்தாருக்குத் திக்கென்றது. மூக்கை மெல்ல உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இடது மூக்கு விசிலடித்தது, அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாத மணமோ? அது மழைக்குச் சாணி மணம்."

"ஓமோம். உங்கடை மூக்குக்குத் தப்பாதுதானே" என்று சொல்லிவிட்டுக் கனகலிங்கம் போனார். போகும்போது படலையில் நின்று இன்னொருதரம் போயிலைக் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அருளம்பலத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. மணம் ஒன்று இருக்கிறது. ஊரெல்லாம் அது தெரிகிறது. அவருக்கு மாத்திரம் தெரியவில்லை. கனகலிங்கம் சபையில் வாயைத் திறந்தால் உபயம் போய்விடும்.

ஏழாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வழியால் இறங்கி, வைக்கோல் போருக்குப் பின்னால் குடையோடு போய் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. போரின் அடியில் ஒதுங்கியிருந்த நாலு கோழிகள் இடம் போதாதென்று அவரை முறைத்தன. ஒரு மணித்தியாலம் நின்றார். முழங்கால் வரை நுளம்பு தின்றது.

கடைசியில் மரியநாயகி வந்தாள். போயிலைக் கொட்டிலின் முகட்டு வளையில் தொங்கிய உமலை இறக்கி, ஒரு சட்டிக்குள் எதையோ கொட்டினாள். பலகைத் துண்டுபோல விறைத்த கருவாடு. மழை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்ததைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றாக அடுப்புப் புகைக்கு மேலே கட்டிய கயிற்றில் கொழுவினாள். பிறகு அந்தச் சட்டித் தண்ணீரை அப்படியே கழுநீர் வாளிக்குள் ஊற்றி, கையால் கலக்கினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டு விறாந்தைப் பக்கம் நடந்தாள்.

"அக்கா, ஐயாவைக் காணேல்லை. வாளி மணந்து பாக்கவேணும்."

"ஐயா இஞ்சை நிக்கிறன்!"

வைக்கோல் போர் பேசியதைக் கேட்டு மரியநாயகி திடுக்கிட்டாள். அருளம்பலத்தார் குடையை விரித்தபடியே பாய்ந்து வந்தார். தலையில் இரண்டு வைக்கோல் துரும்பு.

"என்ன வேலையடி பிள்ளை செய்தனி? என்ன வேலை செய்தனி? அது கோயில் மாடு!"

ஓலை கிழித்துக்கொண்டிருந்த சந்தியோகு எழுந்து வந்தான். குணலட்சுமி நொண்டி நொண்டி விறாந்தைக்கு வந்தாள்.

"ஏன் ஐயா? என்ன நடந்தது?" என்றாள் மரியநாயகி.

"கருவாட்டுத் தண்ணியை மாட்டுக்கு வைச்சுப்போட்டு என்ன நடந்ததெண்டு கேக்கிறியோ?"

"ஓம் ஐயா. ஒரு மாசமா அதுதானே வைக்கிறன். கழுநீரிலை உப்பில்லை ஐயா. உப்பில்லாமல் மாடு தண்ணி குடியாது. தண்ணி குடியாமல் எப்பிடிப் பால் வரும்? எங்கடை ஆடுகள் மாரியிலை இதைக் குடிச்சுத்தான் பால் தந்தது."

"ஒரு மாசமாவோ!"

"நீங்கள்தானே ஐயா சரியெண்டனீங்கள்."

"நானோ? எப்ப?"

"நாள்தோறும். இந்த வாளியை உங்கடை மூக்குக்குக் கிட்டப் பிடிக்கிறன். கண்ணை மூடி நல்லா இழுத்து மணந்துபோட்டு, 'சரி, வையுங்கோ' எண்டு தலையாட்டுறியள்." அவள் குரலில் ஒரு குற்றமும் இல்லை. "முதல் நாள் நான் பயந்து பயந்துதான் கொண்டு வந்தனான். நீங்கள் சரியெண்டதும் இவரிட்டைச் சொன்னன், ஐயாவுக்குப் பெரிய மனம், வாயாலை சொல்லேலாததைத் தலையாலை சொல்லுறார் எண்டு."

"ஓம் ஐயா" என்றான் சந்தியோகு. "அண்டைக்கு உங்களுக்காகச் செபமாலைகூடச் சொன்னனாங்கள்."

அருளம்பலத்தார் வாயைத் திறந்தார். மூக்கு அடைத்திருந்தது என்று சொன்னால், இத்தனை வருஷம் மார்கழியில் மணந்து பார்த்ததெல்லாம் என்ன? மணந்தது என்று சொன்னால், அதைவிட மோசம். திறந்த வாயை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"உமக்கும் தெரியுமோ?"

"எனக்கு மூக்கிருக்குத்தானே" என்றாள் குணலட்சுமி.

"இந்தக் கருவாடு இஞ்சை ஏன்? நான் மச்சம் வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்?"

"சமைக்கப்படாதெண்டுதான் சொன்னனீங்கள் ஐயா. நாங்கள் சமைக்கேல்லை. விக்கிறம்" என்றான் சந்தியோகு. "கடலுக்குப் போகேலாது. இதுதான் எங்கடை சீவியம்."

"இந்தத் திருவெம்பாவைக்குள்ளை நீர்வேலியிலை எவன் கருவாடு வாங்குறான்?"

சந்தியோகு தரையைப் பார்த்தான். "யாவாரத்திலை ஆளின்ரை பேர் சொல்லப்படாது ஐயா."

அருளம்பலத்தார் தீர்ப்புச் சொன்னார். வாளியைக் கவிழ்க்க வேண்டும். இனி மாட்டுக்கு அவரே தண்ணீர் வைப்பார். திருவாதிரை வரைக்கும் இவர்கள் இருக்கலாம். அதற்குப் பிறகு வேறு இடம் பார்க்க வேண்டும். மரியநாயகி உமலின் வாயைக் கட்டினாள். குணலட்சுமிதான் உள்ளே போகும்போது சொன்னாள்: "இந்த மழைக்குள்ளை அதுகள் எங்கை போகுங்கள்? பள்ளிக்கூடங்களிலும் நிக்க இடமில்லையாம்."

அன்று பின்னேரம் அவர் கிணற்றடியில் வாளியைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவி, புதுக் கழுநீர் விட்டு, தன் கையாலேயே கொண்டுபோய் வைத்தார். சிவகாமி மூக்கை விட்டாள். ஒரு ஊது ஊதினாள். பிறகு தலையைத் தூக்கி, அவர் சபையில் எழுந்து நிற்கும்போது சனம் பார்ப்பதைப் போல அவரைப் பார்த்தாள். அதற்குமேல் வாளிப் பக்கம் திரும்பவில்லை.

எட்டாம் நாள் விடியக் கறந்தார். ஒரு போத்தலும் ஒரு கையளவும். மடியைத் தடவினார், கன்றை விட்டு இழுத்தார், தேவாரம்கூடப் படித்தார். இல்லை. ஒழுங்கையில் சேமக்கலச் சத்தம் கோவிலை நெருங்கிக்கொண்டிருந்தது.

அருளம்பலத்தார் அங்குமிங்கும் பார்த்தார். கிணற்றடிக்குப் போனார். அள்ளி வைத்த வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரை, "கங்கே, யமுனே" என்று முணுமுணுத்தபடி பாலுக்குள் விட்டார்.

"நகத்திலை விட்டுப் பாருங்கோவன்" என்றது குசினி யன்னல்.

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அன்றைக்குச் செம்பை நெஞ்சுக்கு நேரே பிடிக்கவில்லை. கோவிலில் ஐயர் பாலை வாங்கி, செம்பைக் கொஞ்சம் சரித்துப் பார்த்து, "மழைக்குள்ளாலை கொண்டு வந்தனீங்களோ?" என்றார். தூணோடு நின்ற கனகலிங்கம் இருமினார். அந்த இருமல் அருளம்பலத்தாரின் முதுகில் பத்து மணி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்தரைக்கு அவர் போயிலைக் கொட்டில் வாசலில் போய் நின்று செருமினார். மரியநாயகி சட்டி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, சிவகாமி தண்ணி குடிக்குதில்லை."

"குடியாது ஐயா. வாய் பழகிட்டுது."

"வீட்டிலை ஒரு சிரட்டை உப்புத்தான் கிடக்கு. அதைப் போட்டால் எங்களுக்குக் கறிக்கில்லை." மழையைப் பார்த்தார். "உந்தத் தண்ணியிலை மாட்டுக்கு வேண்டியது என்ன? உப்புத்தானே?"

"ஓம் ஐயா. உப்புத்தான்."

"உப்பு கடலிலை இருந்து வாறது. கோயில் அன்னதானத்துக்கும் அதைத்தான் போடுறது."

"ஓம் ஐயா."

"அப்ப உப்பு சைவம்."

"மீனும் கடலிலை இருந்துதான் வாறது" என்றான் சந்தியோகு உள்ளேயிருந்து.

"நீர் சும்மா இரும். நான் உப்பைப் பற்றித்தான் கதைக்கிறன்."

மரியநாயகி சட்டியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். "அப்ப ஐயா, நாங்கள் திருவாதிரையோடை வெளிக்கிடுறதோ?"

"மாரிக்குள்ளை ஆர் உங்களை வெளிக்கிடச் சொன்னது?" என்றார் அருளம்பலத்தார், மிகுந்த ஆச்சரியத்தோடு. "வாளிக்கு மேலை ஒரு வாழையிலை போட்டு மூடும். காத்துக்குத் தூசி விழும்."

மத்தியானமும் பின்னேரமும் சிவகாமி இரண்டு வாளி குடித்தாள். ஒன்பதாம் நாள் இரண்டு போத்தலுக்கு மேல் நின்றது. செம்பு மறுபடி நெஞ்சுக்கு ஏறியது.

பத்தாம் நாள் திருவாதிரை. அபிஷேகத்துக்குப் பிறகு கோபூசை. பால் கொடுத்த மாட்டையே வீதிக்குக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். சிவகாமிக்கு மஞ்சள் பூசி, கொம்பில் செவ்வரத்தை மாலை கட்டி, அருளம்பலத்தார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை விட்டு மெல்லிய வெயில் எறித்தது. சனம் கூடி நின்றது. ஐயர் கற்பூரம் காட்டி, கதலிப் பழமும் சர்க்கரைப் பொங்கலும் வைத்த தட்டத்தை மாட்டின் வாய்க்கு நேரே நீட்டினார்.

சிவகாமி தட்டத்தை மணந்தாள். முகத்தைத் திருப்பினாள். காற்று மதிற்பக்கத்திலிருந்து அடித்தது. அவள் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த கணம் கயிறு அருளம்பலத்தாரின் கையை உரித்துக்கொண்டு போனது.

மதிலோடு சாத்திய ஒரு சைக்கிளடியில் போய் நின்ற சிவகாமி, ஹாண்டிலில் தொங்கிய துணிப்பைக்குள் முகத்தை முழுதாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்கத் தொடங்கினாள். கதலிக்குக் காட்டாத பக்தி.

"ஏய்! ஏய்! ஆரின்ரை மாடு? பிடியுங்கோ!" கனகலிங்கம் சால்வை அவிழ ஓடி வந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சிவகாமி அவருடைய கையை நக்கினாள். பிறகு வயிற்றை நக்கினாள்.

"என்ன கனகலிங்கம், பையுக்கை என்ன?" என்று ஐயர் தூரத்திலிருந்து கேட்டார்.

கனகலிங்கத்தின் முகத்தில் ஒன்பது நாள் நோன்பும் தெரிந்தது. "புண்... புண்ணாக்கு" என்றார்.

வீதி முழுதும் பையின் பக்கம் திரும்பியது. ஆறு மாதமாக வலிகாமத்தில் எவரும் கண்ணால் காணாத சாமான்.

"புண்ணாக்கோ? எங்கையப்பா எடுத்தனி?"

"எள்ளுப் புண்ணாக்கோ, தேங்காய்ப் புண்ணாக்கோ?"

"அண்ணை, எனக்கும் ஒரு கட்டி. வயித்திலை கண்டோடை மாடு நிக்குது."

"பையைத் திறவுங்கோவன், பாப்பம்!"

சனம் நெருங்கியது. கனகலிங்கம் பையோடு மதிலில் ஒட்டினார். அவருடைய கண் கூட்டத்துக்கு மேலாக அருளம்பலத்தாரைத் தேடிப் பிடித்தது.

அருளம்பலத்தாருக்கு எல்லாம் விளங்கியது. வேலியில் சாத்திய சைக்கிள், தொட்டுப் பார்த்த பை, கொட்டில் பக்கம் ஓடிய கண். யாவாரத்தில் பேர் சொல்லக்கூடாத ஆள் இதோ நிற்கிறார். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் கனகலிங்கம் அத்தோடு முடிந்தார். அருளம்பலத்தார் வாயைத் திறக்கத்தான் போனார். அப்போது இன்னொன்றும் விளங்கியது: பைக்குள் இருப்பது கருவாடு என்றால், கருவாட்டு மணத்துக்கு இந்தச் சுத்த சைவ மாடு ஏன் கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடியது என்று ஊர் அடுத்ததாகக் கேட்கும்.

"விலகுங்கோ, விலகுங்கோ!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். "அது புண்ணாக்குமில்லை, ஒண்டுமில்லை. மாட்டு மருந்து. என்ரை மாட்டுக்கெண்டு நான்தான் கனகலிங்கத்தாரிட்டைச் சொல்லி எடுப்பிச்சனான். ஆக்கள் தொட்டால் கை அழுகும்."

சனம் கையை எடுத்தது. கனகலிங்கம் சைக்கிளில் ஏறிய வேகத்துக்குச் சங்கிலி கழன்றது, உருட்டிக்கொண்டே ஓடினார். கோவில் வாசலில் அடுத்த வருஷ உபயங்கள் வாசிக்கப்பட்டபோது, திருவெம்பாவைப் பாலுக்கு அருளம்பலம் என்று வாசித்தார்கள். ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் பின்னேரம், வெயில் சாயும் நேரத்தில், கனகலிங்கம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இம்முறை பை இல்லை. கையில் ஒரு வெறும் வாளி.

"அண்ணை" என்றார். பிறகு வாளியைப் பார்த்தார். "என்ரை மாடும் தண்ணி குடிக்குதில்லை."

அருளம்பலத்தார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மரியநாயகி அப்போதுதான் சிவகாமியின் வாளியை வாழையிலை போட்டு மூடி, வழக்கம்போல அவருக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்திருந்தாள். அன்று காலையிலிருந்து அவருடைய இடது மூக்கு மெல்ல மெல்ல இளகிக்கொண்டிருந்தது. இலையை விலக்கி, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தார்.

இரண்டு மூக்கும் ஒரே நேரத்தில் திறந்தன.

ஒரு பெரிய கடற்கரை முழுவதும் தலைக்குள் வந்து இறங்கியது போலிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தலையைத் திருப்பிக் கனகலிங்கத்தைப் பார்த்தார்.

"கனகலிங்கம், உமக்கு ஏதும் மணக்குதோ?"

கனகலிங்கம் காற்றை நன்றாக உறிஞ்சிப் பார்த்தார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

"மழைக்குச் சாணி மணம், அண்ணை" என்றார்.

அருளம்பலத்தார் தலையை ஒருதரம் ஆட்டினார்.

"சரி பிள்ளை, வையும். அவரின்ரை வாளிக்கும் கொஞ்சம் விடும்."